குழாய்த் தண்ணீரும் உள்ளூர் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருநகரத்தில் தண்ணீர் யாருக்கு, எப்போது, எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டால் மழை, அணை, மக்கள்தொகை என்று பதில் வரும். அது பாதிப் பதில். மீதி வார்டு அலுவலகத்திலும், குடிநீர் வாரியத்தின் கூட்ட அறையிலும், வால்வு திறக்கிறவரின் கையிலும் இருக்கிறது. அந்த மீதியைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகள் இவை.

அணைகள் நிரம்பியிருந்தும் ஒரு தெருவில் தண்ணீர் வருகிறது, அடுத்த தெருவில் வரவில்லையே, ஏன்?

நாள் முழுக்கக் குழாயில் நீர் விட முடியாத நகரங்களில் ஊரைப் பல வட்டாரங்களாகப் பிரித்து முறை வைத்துத்தான் விடுகிறார்கள். இந்த வட்டாரத்துக்கு மூன்று மணி நேரம், அப்புறம் அடுத்ததற்கு. மும்பையை எடுத்துக்கொள்வோம். ஏழு ஏரிகளிலிருந்து அந்த நகரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 385 கோடி லிட்டர் வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1.24 கோடி. பங்கிட்டுப் பார்த்தால் தலைக்குச் சுமார் 310 லிட்டர். தொழிற்சாலைக்குப் போவது, கசிவது எல்லாவற்றையும் கழித்தாலும் யாரும் குடத்தோடு காத்து நிற்க வேண்டிய கணக்கு இல்லை இது. ஆனாலும் நிற்கிறார்கள்.

வால்வு திறக்கும் ஊழியர் நீண்ட இரும்புச் சாவியோடு வருவார். சாலையில் பதிந்திருக்கும் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, சில சுற்று திருப்புவார். முழுக்கத் திறந்தால் தலைமடைத் தெருக்களில் அழுத்தம் ஏறி, அங்குள்ள வீட்டு மோட்டார்கள் உறிஞ்சித் தொட்டியை நிரப்பிக்கொள்ளும். கடைமடைக்கு நீர் போய்ச் சேர்வதற்குள் முறை முடிந்துவிடும். கொஞ்சம் முன்னதாக மூடினால் மேட்டுப் பகுதிக்குச் சொட்டுகூட ஏறாது. எத்தனை மணிக்கு, எத்தனை சுற்று என்பதற்கு அட்டவணை உண்டு. அது புகார் வந்தால் மாறும், சாலை மறியல் நடந்தால் மாறும், கவுன்சிலர் ஒரு போன் போட்டாலும் மாறும். இங்கே கால் மணி கூட்டினால் வேறெங்கோ கால் மணி குறைந்தாக வேண்டும். அதை யாரிடமிருந்து எடுப்பது என்று எந்தப் பொறியியல் பாடமும் சொல்லித் தராது.

கவுன்சிலரிடம் போய் நின்றால் வேலை நடக்குமா?

சின்ன வேலைகள் நடக்கும். உடைந்த குழாயை மாற்றுவது, முறை நேரத்தை நகர்த்துவது, லாரி அனுப்பச் சொல்வது. பெரிய முடிவுகள் பெரும்பாலும் அவரிடம் இல்லை. இந்தியாவில் 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியலில் குடிநீரைச் சேர்த்தது. ஒப்படைக்கலாம் என்றுதான் சொன்னது, ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் குடிநீர் இன்றும் மாநில அரசின் வாரியத்திடம். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் ஒருவர், வால்வு இன்னொருவர் பொறுப்பு. ஆக, கவுன்சிலர் முடிவெடுப்பவராக இல்லாமல் சிபாரிசு செய்பவராக ஆகிவிடுகிறார். சிபாரிசும் ஒரு அதிகாரம்தான். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்துவிட்டால் அவரைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. லாரி எந்தத் தெருவுக்கு முதலில் என்று வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளே அந்த வறட்சியில் எந்த வார்டிலும் இல்லை.

அரசியல்வாதிகளை ஒதுக்கிவிட்டு நிபுணர்களிடம் கொடுத்தால் ஒழுங்காக நடக்காதா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் பெருநகரம் அல்ல, அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைக்காது.

நகராட்சியின் கஜானா காலி என்று 2011இல் மாநில அரசு அங்கே அவசரகால மேலாளர் ஒருவரை நியமித்தது. மேயரும் மன்றமும் பெயருக்கு இருந்தார்கள், அதிகாரம் மேலாளரிடம். ஆட்கள் மாறினாலும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கி வந்த நீரை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து குடிநீரில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தண்ணீர் உதிரிபாகங்களை அரிக்கிறது என்று அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் ஆலை வேறு நீருக்கு மாறிக்கொண்டது. ஆலைக்கு மாற வழி இருந்தது, வீடுகளுக்கு இல்லை. 2015 மார்ச்சில் நகர மன்றம், டெட்ராய்ட் நீருக்கே திரும்ப வேண்டும் என்று 7-க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தது. அப்போதைய மேலாளர் ஏற்கவில்லை. அக்டோபர் வரை அதே ஆற்று நீர்தான்.

மன்றத்தில் இருந்தவர்கள் தண்ணீர் நிபுணர்கள் இல்லை. ஆனால் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தவர்களை அடுத்த தேர்தலில் அவர்கள் மறுபடியும் சந்திக்க வேண்டியிருந்தது. மேலாளருக்கு அந்தக் கவலை இல்லை. நிபுணர்கள் வேண்டும்தான், ஆனால் அவர்களை நிறுத்தவும் கேள்வி கேட்கவும் ஊரில் யாராவது இருக்க வேண்டும்.

குடிசைப் பகுதிகளுக்கு இணைப்பு தர ஏன் இவ்வளவு தயக்கம்? குழாய் பதிக்க இடமில்லையா?

இடம் பெரும்பாலும் சாக்குதான். உண்மையான தடை ஆவணம். இணைப்பு கொடுத்தால் அந்த ரசீதையே சான்றாக வைத்து நிலத்துக்கு உரிமை கேட்பார்கள் என்ற பயம் நிர்வாகத்துக்கு. மும்பையில் இதற்கு ஒரு தேதியே வைத்திருந்தார்கள். 1995 ஜனவரி 1-க்கு முன்னால் குடியேறியதை நிரூபித்தால் இணைப்பு. பிற்பாடு அந்தத் தேதி 2000 ஜனவரி 1 என்று நகர்ந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் தாகம் எடுக்காது என்பது போல. தேதியை நகர்த்துவது தேர்தல் வாக்குறுதியாகவும் ஆனது.

2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், வீடு சட்டவிரோதமாகக் கட்டப்பட்டது என்பதற்காக அங்கே வாழ்பவருக்குத் தண்ணீரை மறுக்க முடியாது, அது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், மற்றவர்களுக்குத் தருகிற அதே முறையில், அதே விலையில் தர வேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் சொன்னது. மாநகராட்சி எல்லோருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை அறிவித்தது 2022இல். தீர்ப்புக்கும் கொள்கைக்கும் நடுவிலேயே ஏழாண்டுக்கு மேல் போய்விட்டது.

டாக்காவில் 1990களில் வேறு ஒரு வழி கண்டார்கள். நிலப்பத்திரம் இல்லாத குடியிருப்புகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் குடிநீர் ஆணையத்திடம் பொறுப்பேற்றுக்கொண்டு, பொதுவான இணைப்பை வாங்கிக் கொடுத்தது. மக்கள் ஒழுங்காகக் கட்டணம் கட்டினார்கள். பிற்பாடு ஆணையமே நேரடியாக அப்படி இணைப்பு கொடுக்கத் தொடங்கியது.

தண்ணீர் மனித உரிமை என்று ஐ.நா. அறிவித்துவிட்டதே, அது போதாதா?

ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் அறிவித்தது. தென்னாப்பிரிக்கா அதற்கும் முன்பே தன் அரசமைப்பில் எழுதி வைத்திருந்தது. ஆனாலும் ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில், பிரி என்ற பகுதி மக்களுக்கு முன்பணம் கட்டும் மீட்டரைப் பொருத்தினார்கள். குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்ததும் காசு போட்டால்தான் தண்ணீர். எட்டுப் பேர், ஆளுக்கு 25 லிட்டர், 30 நாள் என்பதுதான் அந்த 6,000. ஒரே மனைக்குள் பல குடும்பங்கள் வாழும் இடத்தில் அது எத்தனை நாள் வரும்? மக்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் வென்றார்கள். 2009 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: எத்தனை லிட்டர் என்று வரையறுப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் வேலை என்று. உரிமை ஏட்டில் இருக்கட்டும். லிட்டர் கணக்கு திரும்பவும் நகர மன்றத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

டேங்கர் லாரிகள் தற்காலிக ஏற்பாடுதானே? ஏன் அவை போகவே மாட்டேன் என்கின்றன?

லாரியால் பிழைப்பவர்கள் பலர் என்பதால். லாரி உரிமையாளர், நீரேற்றும் நிலையத்தை ஒப்பந்தம் எடுத்தவர், கண்டும் காணாமலும் இருப்பவர், தன் பெயரைப் போட்டு அனுப்பும் உள்ளூர்ப் பிரமுகர். குழாய் போட்டால் ஒருமுறை ரிப்பன் வெட்டலாம், அதோடு சரி. லாரி தினமும் வரும், தினமும் யாரோ ஒருவருக்கு நன்றி சொல்ல வைக்கும்.

மெக்சிகோ சிட்டியின் இஸ்தபலாபா பகுதியில் குழாய் நீர் முறை வைத்துத்தான் வருகிறது, பல இடங்களில் வாரத்துக்குச் சில நாள். வராத நாளுக்கு உள்ளூர் நிர்வாகம் இலவச லாரி அனுப்புகிறது. அதற்குப் பெயர் எழுதி வைக்க வேண்டும், லாரி வரும்வரை வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது. இலவசம் என்கிறார்களே தவிர, ஒரு நாள் கூலி போனதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கராச்சியில் இது இன்னும் கொடுமையான கதை. ஓராங்கி என்ற பெரிய குடிசைப் பகுதியில் வேலை செய்த தொண்டு அமைப்பின் தலைவர் பர்வீன் ரஹ்மான், நகரத்தின் பெரிய குழாய்களிலிருந்து எங்கெங்கே திருட்டுத்தனமாக நீரேற்றும் நிலையங்கள் நடக்கின்றன என்று வரைபடமாகவே பதிவு செய்தார். நில ஆக்கிரமிப்பையும் பதிவு செய்துவந்தார். 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இலவசத் தண்ணீர் அறிவிப்பு ஏழைகளுக்கு நல்லதுதானே?

குழாய் இருக்கும் ஏழைகளுக்கு நல்லது. டெல்லியில் 2015இல் மீட்டர் வைத்த வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்று அறிவித்தார்கள். அதைத் தாண்டினால் முழு அளவுக்கும் கட்டணம். மீட்டர் வைக்க ஒரு காரணம் கிடைத்தது, சிக்கனத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. இரண்டும் நல்ல விளைவுகள். ஆனால் குழாயே எட்டாத குடியிருப்பில் லாரிக்குக் காத்திருப்பவருக்கு இந்த அறிவிப்பால் ஒரு குடம்கூடக் கூடவில்லை. சலுகை நல்லதா கெட்டதா என்று விவாதிப்பதைவிட, அது எந்தக் குழாய்வரை போய் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது.

கறாராகக் கட்டணம் வசூலித்தால் ஏழைகள்தானே அடிபடுவார்கள்?

கறார் யாரிடம் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. கம்போடியாவின் நோம்பென் நகரக் குடிநீர் ஆணையத்துக்கு 1993இல் எக் சொன் சான் தலைவரானார். உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஊர். உற்பத்தியாகும் நீரில் 72 சதவீதம் கசிந்தோ திருடப்பட்டோ கணக்கில் வராமல் போனது. நீரைத் திருடி விற்றவர்களில் சொந்த ஊழியர்களும் இருந்தார்கள். பெரிய மனிதர்கள் பில் கட்டுவதே இல்லை.

அவர் பெரிய மனிதர்களிடமிருந்து தொடங்கினார். ஒரு ராணுவத் தளபதியின் வீட்டு இணைப்பைத் துண்டிக்கப் போனபோது, தளபதி எக் சொன் சானின் தலையில் துப்பாக்கியை வைத்தார்; இதை எக் சொன் சானே சொல்லியிருக்கிறார். திரும்பிப் போய், ஆயுதம் தாங்கிய காவலர்களோடு வந்து இணைப்பை வெட்டினார். தளபதி பணத்தைக் கட்டினார். இது வெறும் தைரியக் கதை இல்லை. அவருக்குப் பின்னால் பிரதமரின் ஆதரவு இருந்தது, ஆணையத்துக்குத் தனி நிதி அதிகாரமும் கொடுக்கப்பட்டது. அந்த அரசியல் பலம் இல்லாமல் அதே வேலையைச் செய்யப் போகிறவரை அடுத்த வாரமே இடம் மாற்றியிருப்பார்கள். இழப்பு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. கட்டணத்தை மூன்று கட்டமாக உயர்த்தத் திட்டமிட்டிருந்தார்கள். வசூல் நன்றாக இருந்ததால் மூன்றாவது உயர்வு தேவைப்படவில்லை. 24 மணி நேரமும் நீர் வரத் தொடங்கியதும், அதுவரை தெருவில் விற்றவரிடம் குடம் குடமாக வாங்கிய ஏழைகளின் செலவு குறைந்தது.

தனியாரா, அரசா? எது நல்லது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சண்டை நடக்கிறது. என் பார்வையில் இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஒப்பந்தத்தையும் கணக்கையும் ஊர் பார்க்க முடியுமா என்பது.

பொலிவியாவின் கோச்சபாம்பா எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 1999இல் வெளிநாட்டு நிறுவனங்கள் பங்கெடுத்த ஒரு கூட்டமைப்பிடம் குடிநீரைக் கொடுத்தார்கள். கட்டணம் தடாலென்று ஏறியது, சிலருக்கு இரட்டிப்பானது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 17 வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. இதில் அவ்வளவாகச் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. மிசிக்குனி என்ற பெரிய அணைத் திட்டத்தை ஒப்பந்தத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று உள்ளூர் மேயர் பிடிவாதமாக இருந்தார். அது அந்தப் பகுதி மக்களின் பல காலக் கனவு, அவருக்கு வாக்கு. அந்தச் செலவும் கட்டணத்தில் ஏறியது. ஒப்பந்தம் ரத்தான பிறகு நகராட்சி நிறுவனம் திரும்ப வந்தது, ஆனாலும் நகரின் தெற்குப் பகுதி மக்கள் பல ஆண்டுகள் லாரி நீரையே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாரிஸில் 1985இல் ஷிராக் மேயராக இருந்தபோது தனியாருக்குப் போன விநியோகத்தை, டெலனோயே மேயராக இருந்தபோது 2010இல் நகராட்சி திரும்ப எடுத்தது. மறு ஆண்டு விலையை 8 சதவீதம் குறைத்தார்கள். பெர்லினில் குடிநீர் நிறுவனத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை 1999இல் தனியாருக்கு விற்றிருந்தார்கள்; ஒப்பந்தம் ரகசியம். 2011இல் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் அதை வெளியிடச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் நகரம் பங்குகளைத் திரும்ப வாங்கிவிட்டது. ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ காலத்தில் அவருக்கு வேண்டியவர்களைக் கூட்டுச் சேர்த்துக் கையெழுத்தான ஒப்பந்தங்கள், அவர் வீழ்ந்த பிறகும் 2023 வரை ஓடின.

வறட்சியும் தேர்தலும் ஒரே ஆண்டில் வந்தால்?

வறட்சி என்ற சொல்லே காணாமல் போகும். 2014இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவின் கான்டரெய்ரா நீர்த்தேக்கங்கள் அடிமட்டத்துக்குப் போயின. அக்டோபரில் மாநில ஆளுநர் தேர்தல்; அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தண்ணீருக்கு ரேஷன் இல்லை என்றே அரசு சொல்லிக்கொண்டிருந்தது. அதே சமயம் இரவில் குழாய் அழுத்தத்தைக் குறைத்தார்கள். மாடியில் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நகர விளிம்பில், மேட்டில், தொட்டி இல்லாத வீடுகளில் குழாய் காற்றைத்தான் துப்பியது. ஆளுநர் முதல் சுற்றிலேயே வென்றார். அறிவிக்காத ரேஷன்தான் மோசமான ரேஷன் என்பேன். அறிவித்திருந்தால் நேரமாவது தெரிந்திருக்கும், பிடித்து வைத்திருக்கலாம்.

கேப் டவுனில் 2018இல் நேர்மாறு. குழாய்கள் நிறுத்தப்படும் நாள் இது என்று தேதியே குறித்து அறிவித்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். நகரின் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது, விவசாயிகளும் தங்கள் நீரில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள், அந்த நாள் வரவே இல்லை. நகரத்தையும் மாகாணத்தையும் ஒரு கட்சி ஆண்டது, தேசத்தை இன்னொரு கட்சி ஆண்டது. பெரிய அணைகள் பெரும்பாலும் தேசத்தின் பொறுப்பு, குழாய் நகரத்தின் பொறுப்பு. யார் தவறு என்ற சண்டை கடைசிவரை ஓயவில்லை. முறைசாராக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் நகர நீரில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே பயன்படுத்தினார்கள். பொதுக்குழாயில் வரிசையில் நிற்பது அவர்களுக்கு எப்போதும் உள்ளதுதான்.

நகர எல்லையை விரிப்பதற்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் 1913இல் தொலைதூர ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்தது. நகரோடு இணைந்தால்தான் நீர் என்ற நிலையில் 1915இல் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு இணைந்தது. நகரின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேலானது. நீரைக் கொடுத்த ஓவன்ஸ் விவசாயிகளுக்கு அந்த நகரத்தில் வாக்கு இல்லை.

மக்களே முடிவெடுத்த இடம் எதுவும் இல்லையா?

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989இல் தொழிலாளர் கட்சி நகரத்தைப் பிடித்ததும், பட்ஜெட்டின் ஒரு பகுதியை எங்கே செலவிடுவது என்று பகுதிவாரிக் கூட்டங்களில் மக்களே வரிசைப்படுத்தும் முறை வந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எதற்குச் சாக்கடை என்று பகிரங்கமாக அடித்துப் பேசினார்கள். கழிவுநீர் இணைப்பு சுமார் 46 சதவீதத்திலிருந்து ஏழெட்டு ஆண்டுகளில் 85 சதவீதத்தைத் தொட்டது. நகராட்சியின் நீர்த் துறையும் 1961 முதல் சொந்தக் காலில் நின்ற வலுவான அமைப்பு. அது இல்லாமல் கூட்டம் மட்டும் போட்டிருந்தால் தீர்மானங்கள்தான் மிஞ்சியிருக்கும். 2004இல் அந்தக் கட்சி தோற்ற பிறகு முறை மெல்ல வலுவிழந்தது.

சரி, எங்கள் பகுதியில் தண்ணீர் சரியாக வரவில்லை. எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில், உங்கள் தெருவின் வால்வு எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மாநகராட்சியா, வாரியமா, ஒப்பந்த நிறுவனமா என்பதே பலருக்குத் தெரியாது. தெரியாதவரை மனு மேசைக்கு மேசை நகரும். அப்புறம் முறை அட்டவணையை எழுத்தில் கேளுங்கள், பக்கத்து வட்டாரத்தின் அட்டவணையையும் சேர்த்து. "தண்ணீர் வரவில்லை" என்ற புகாரைவிட, "அட்டவணையில் மூன்று மணி நேரம் போட்டிருக்கிறீர்கள், கடைசி வீட்டில் ஒரு மணி நேரம்தான் வருகிறது" என்ற புகாருக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது கடினம். தலைமடையில் ஒரு வீடு, கடைமடையில் ஒரு வீடு, இரண்டிலும் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சில வாரம் குறித்து வைத்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

லாரி வருகிற பகுதியானால் நடைக் கணக்கைக் கேளுங்கள்: எந்த நாள், எந்த வண்டி, எந்தத் தெரு, யார் கையெழுத்து. தகவல் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் இதைக் கேட்டு வாங்கலாம். கூட்டமாகப் போவது நல்லது, அதிலும் மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் சேர்ந்து போவது நல்லது. தனித்தனியாகப் போனால் ஒரு தெருவின் கால் மணியைப் பிடுங்கி இன்னொரு தெருவுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரிடமும் வேலை முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.